வீங்காத கை

மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குப் பதின்மூன்று மணி நேரமே எஞ்சியிருந்த முற்பகலில், காசிமேட்டுத் துறைமுகத்தின் வாயிலில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய குணசுந்தரி, உடனே நடக்கத் தொடங்காமல் சுவரோரத்து நிழலில் சற்று நேரம் நின்றாள். களைப்பு என்பது உறக்கத்தால் நீங்கக்கூடிய ஒன்று என்று அவள் ஒரு காலத்தில் நம்பியிருந்தாள். காசநோய்ப் பிரிவின் களப்பணியாளராகச் சேர்ந்த ஆறாண்டுகளில் அந்த நம்பிக்கை தேய்ந்துபோயிருந்தது. அன்று காலை மட்டும் திருவொற்றியூர்க் குப்பத்தில் பதினோரு வீடுகளுக்குச் சென்று, பதினொருவரும் மாத்திரையை விழுங்கும்வரை எதிரில் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவர்களுள் ஒருவர் மாத்திரையை நாக்கின் அடியில் ஒளித்துக்கொண்டு வாயைத் திறந்து காட்டினார். அவரிடம் மட்டும் கால்மணி நேரம் மன்றாட வேண்டியிருந்தது.

அவள் பையில் ஊடுருவித் தெரியும் சிறு அளவுகோல் ஒன்றும், பேனாவும், மாத்திரை அட்டைகளும், ஏழு பெயர்கள் எழுதிய பதிவேடும் இருந்தன. ஏழாவது பெயர் அவளுடைய சொந்த அண்ணன் கருணாகரனுடையது.

நடந்தது இதுதான். லோகநாதன் என்பவருக்குச் சொந்தமான விசைப்படகில் சமையற்காரராக இருந்த வேலப்பனுக்கு, ஜூன் மாதத் தொடக்கத்தில் காசநோய் உறுதியாயிற்று. அப்படகில் எட்டுப் பேர் கடலுக்குச் செல்வது வழக்கம். பத்து நாள், பன்னிரண்டு நாள் நீளும் பயணங்களில் அவர்கள் அனைவரும் காலை நீட்டவும் இடம் போதாத ஒரே அறைக்குள் முறைவைத்துப் படுத்தெழுவார்கள். இந்நோய் சோற்றாலோ பாத்திரத்தாலோ பரவுவதன்று. இருமுபவரின் மூச்சுக்காற்றால் பரவுவது. ஆகவே எஞ்சிய ஏழு பேரையும் பரிசோதிக்கும் பொறுப்பு குணசுந்தரியிடம் வந்தது. படகை ஓட்டும் டிரைவரான கருணாகரனோ, செய்தி தெரிந்த அன்றே வேலப்பனைப் படகிலிருந்து இறக்கிவிட்டு, அவருடைய தட்டையும் டம்ளரையும் துறைமுகத்துத் தண்ணீரில் வீசியெறிந்திருந்தான்.

“பாத்திரத்துல வராதுண்ணா,” என்று அவள் அப்போதே சொன்னாள்.

“நீ சும்மா கெடம்மே. ஏழு பேரு உசுரு என் கையில கீது,” என்று அதட்டினான் அவன்.

இரண்டு நாள்களுக்கு முன்பு நெஞ்சுப் படமெடுக்கும் வண்டி துறைமுகத்திற்கு வந்தது. ஆறு பேர் படமெடுத்துக்கொண்டனர். ஆறு படங்களிலும் நோயின் அடையாளம் இல்லை. கருணாகரன் மட்டும், என்ஜினுக்கு ஏதோ சாமான் வாங்க வேண்டுமென்று நழுவி, வண்டி போன பிறகே திரும்பினான். அண்ணன்தானே, எப்போது வேண்டுமானாலும் அழைத்துச் செல்லலாம் என்று எண்ணிய குணசுந்தரி, அவன் பெயருக்கு நேரே ‘பிறகு’ என்று எழுதினாள். வேறு எவர் பெயருக்கு நேரேயும் அவள் அச்சொல்லை எழுதியதில்லை. அதன்பின், அவளுடன் வந்திருந்த செவிலியர் ஏழு பேருடைய முன்கையிலும் தோலுக்கடியில் ஓர் ஊசி போட்டார். ஊசி இறங்கிய இடத்தைச் சுற்றிக் குணசுந்தரி பேனாவால் வட்டமிட்டாள்.

அவ்வூசியில் மருந்தும் இல்லை, நோயும் இல்லை. காசநோய்க் கிருமியின் புரதம் ஒரு துளி உண்டு, அவ்வளவே. அத்துளியின் பணியை விளங்கிக்கொள்ள, உடலின் காவல் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். கிருமி நுரையீரலுக்குள் நுழைந்தவுடன் வெள்ளையணுக்களில் ஒரு வகை அதனை விழுங்குகிறது. பிற கிருமிகளை எளிதில் செரித்துவிடும் அவ்வணுக்கள், இக்கிருமியைச் செரிக்கமாட்டாமல் திணறுகின்றன. அப்போது மற்ற அணுக்கள் வந்து சூழ்ந்து, செரியாத எதிரியைச் சுற்றி ஒரு மதில் எழுப்பி, அதனை உள்ளேயே அடைத்துவைக்கின்றன. பெரும்பாலோருக்கு அத்துடன் தொல்லை தீர்ந்தது. கிருமி உள்ளே உறங்கும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அப்போரில் கலந்துகொண்ட அணுக்களுள் சில, எதிரியின் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உடலெங்கும் சுற்றி வருகின்றன. முன்கையில் அம்முகத்தின் சாயல் ஒரு துளி தென்பட்டால் போதும். அவை ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு அங்கே வந்து திரளும். வந்து சேர இரண்டு நாளாகும். திரண்ட இடம் தடித்துக் கெட்டிப்படும். அத்தடிப்பின் அகலமே அளக்கப்படுகிறது. தடிப்பு நோயன்று, காவலர்கள் கொடுக்கும் பதில்.

இதனைக் குணசுந்தரி எவ்வளவோ எடுத்துரைத்தும் லோகநாதன் ஏற்கவில்லை. “எவன் கை வீங்குதோ அவன் எறங்கிக்கினும். வீங்காதவன் வருவான். அவ்ளோதான்,” என்று ஊசி போட்ட அன்றே அவர் சட்டம் போட்டுவிட்டார். அறுபத்தொரு நாள் கரையில் கிடந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய அச்சுறுத்தல் வேறில்லை.

அவள் படகுத்துறையை அடைந்தபோது, நொறுக்கிய ஐஸ் கூடை கூடையாகப் படகின் வயிற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. புதிதாகப் பூசிய பெயின்ட் வாடையும் டீசல் வாடையும் கலந்து வெயிலில் தலையைச் சுற்றவைத்தன. இரண்டாம் டிரைவரான வல்லரசு அவளைக் கண்டதும் கூடையைக் கீழே வைத்தான்.

“அக்கா, பரீச்ச பேப்பர் திருத்த வந்துட்டியா? தெரிஞ்ச பசங்க, பாத்து மார்க்கு போடு.”

“கைய நீட்டு மொதல்ல.”

நீட்டிய கை, உயிருள்ள மனிதனின் கை போலவே இல்லை. சில்லிட்டு, தோல் சுருங்கி, ஊறவைத்த துணி போல வெளிறியிருந்தது. அவள் போட்ட வட்டம் கரைந்து முழங்கை வரை நீலமாக வழிந்திருந்தது.

“ஐஸ் வெச்சியாடா?”

“வெய்யிலுக்குக்கா.”

“ரெண்டு நாளாவா?”

“ஐஸ் பொட்டியிலயே கைய வுட்டுகினு குந்தியிருந்தான்க்கா, வஞ்சிர மீனு கணக்கா,” என்றான் பின்னால் நின்ற மணி. அனைவரும் சிரித்தனர். சிரித்தவர்களின் கைகளும் சில்லென்றுதான் இருந்தன. வலை பிடித்து வீங்கிய விரலுக்கும் மீன்முள் குத்திய காலுக்கும் ஐஸ் வைத்தே வீக்கம் வடியக் கண்டவர்கள் அவர்கள். இந்த வீக்கத்தையும் ஐஸ் வடித்துவிடும் என்று ஆறு பேரும் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தனர்.

ஐஸ் தோலைத்தான் குளிர்விக்கும். தோலுக்கடியில் கூடிவிட்ட கூட்டத்தைக் கலைக்க அதனால் இயலாது. குணசுந்தரி கண்ணால் பார்ப்பதை விட்டு, விரல் நுனியால் தடவி, தடிப்பின் கரைகளைக் கண்டு, அளவுகோலை வைத்தாள். வல்லரசுவுக்குப் பதினான்கு மில்லிமீட்டர். மணிக்குப் பன்னிரண்டு. மற்ற நால்வருக்கும் பத்துக்குக் குறையவில்லை.

“ஆறு பேரும் அவுட்டா?” லோகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். “அப்போ நானும் டிரைவரும் மட்டும் போய் வல இஸ்துகினு வரட்டா?”

“யாரும் அவுட்டு இல்ல மொதலாளி. ஆறு பேரு நெஞ்சும் படத்துல நல்லா கீது. ஒடம்பு கிருமிய உள்ளயே பூட்டி வெச்சிகினு கீது. வாரத்துக்கு ஒருக்கா மாத்திர, பன்னெண்டு வாரம். மொத வேள இப்பவே என் எதிர்லயே போடுவானுங்க. போட்டுட்டு கடலுக்குப் போலாம்.”

“நெஜமாவா சொல்ற?”

“பொய் சொல்றதுக்குக் கூட எனுக்குத் தெம்பு இல்ல மொதலாளி.”

ஆறு ஆளை ஒரு பகலில் வேறெங்கும் தேட முடியாதென்பது லோகநாதனுக்குத் தெரியும். அவர் பெருமூச்சுடன் தம் சட்டத்தைத் தாமே திரும்பப் பெற்றார். வல்லரசு உற்சாகத்தில் மணியின் முதுகில் ஓங்கி ஓர் அறை கொடுத்தான்.

ஏழாவது ஆளைத் தேடி அவள் படகில் ஏறினாள். கருணாகரன் ஓட்டுநர் அறையின் வாசலில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். கடலுக்குப் புறப்படும் நாளில் அவன் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. நின்றுகொண்டே ஆறு பேரை ஒரே நேரத்தில் திட்டக்கூடியவன். அன்று வாய் மூடியிருந்தான். பெல்ட்டில் ஆணியால் புதிதாகக் குத்திய ஓட்டை ஒன்று தெரிந்தது. அருகில் காலைச் சாப்பாட்டுத் தூக்கு, மூடி திறக்கப்படாமல் இருந்தது.

“பாரு, நல்லா பாத்துக்கோ,” என்று கையை நீட்டினான்.

அவள் தடவினாள். மறுமுறையும் தடவினாள். தடிப்பு இல்லை. அளவுகோலை வைப்பதற்கு அங்கே ஒன்றுமேயில்லை.

“சைபரா?” என்று எட்டிப் பார்த்த லோகநாதனின் முகம் மலர்ந்தது. “பாத்தியா டிரைவர! அதாண்டா ஒடம்பு. அம்மாம் பேரு நடுவுல படுத்துகினு, ஒண்ணும் ஒட்டல பாரு அந்தாளுக்கு!”

“டிரைவரு சென்டம்டோய்!” என்று கீழிருந்து கத்தினான் வல்லரசு.

கருணாகரன் மெல்லச் சிரித்தான். அச்சிரிப்பு இருமலில் முடிந்தது. குணசுந்தரிக்கு எரிச்சல் மூண்டது. அவனும் அவர்களோடு சேர்ந்து, அவர்களைவிட அதிகமாக ஐஸ் வைத்திருக்கிறான் என்றே அவள் எண்ணினாள்.

“எத்தினி கட்டி வெச்சண்ணா? உன்னாண்ட இத்த எதிர்பாக்கல.”

“இன்னாத்த வெச்சேன்?”

“டபாய்க்காத. ஐஸு.”

“அந்த கய்தங்க மாதிரி நானா? சத்தியமா வெக்கலம்மே. ஐஸ் கூடைய தூக்கினு வரவே எனுக்கு முடியல, இதுல கையில வேற வெச்சிகினு கெடப்பனா?”

அவள் பதில் பேச வாயெடுத்து, நிறுத்தினாள். அவள் கண் அவன் கையிலிருந்த வட்டத்தின் மீது நின்றது. மற்ற ஆறு வட்டங்களும் கரைந்து, வழிந்து, உருத்தெரியாமல் போயிருந்தன. இந்த வட்டமோ, அவள் கோட்டைத் தொடங்கிய இடமும் முடித்த இடமும் சேராமல் விலகி நின்ற சிறு இடைவெளி வரை, போட்டது போட்டபடி இருந்தது. இக்கையில் ஐஸ் படவில்லை. இரண்டு நாளாகக் குளித்த தண்ணீர்கூடப் பட்டதாகத் தெரியவில்லை. அண்ணன் பொய் சொல்லவில்லை.

பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்கு அக்கணம் தோன்றியது.

பயிற்சி வகுப்பில் மருத்துவர் ஃப்ளோரன்ஸ் சொன்னதை அவள் தன் கையால் எழுதிவைத்திருந்தாள். ஊசிக்குக் கை பதில் தராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அவ்வுடல் அக்கிருமியை ஒருபோதும் சந்தித்திராதது. மற்றொன்று, சந்தித்து, நீண்ட நாள் போராடி, பதில் தரும் வலுவையே இழந்துவிட்டது. உண்ணாமல் மெலிந்த உடலிலும் நோய் முற்றிய உடலிலும் காவலணுக்கள் எண்ணிக்கையில் குன்றும். எஞ்சியவையும் நுரையீரலில் எரியும் போர்க்களத்தை விட்டு நகர முடியாது. முன்கையில் ஒரு துளி சாயல் தெரிகிறதே என்று ஓடிவர அங்கே ஆளில்லை. வீங்கிய கையைக் கண்டு அஞ்சவேண்டாம், வீங்க வேண்டிய கை வீங்காவிட்டால் விடாதீர்கள் என்று அவர் கூறியிருந்தார்.

வேலப்பனிடமிருந்து தள்ளிப் படுத்தவர்களின் உடல்களே கிருமியை அறிந்திருக்கின்றன. பத்து மாதம் வேலப்பனுக்கு அடுத்த பாயில் படுத்தவன் கருணாகரன்.

“சாயங்காலத்துல காய்ச்சல் வருதாண்ணா?”

“இல்ல.”

“வேர்க்குதா?”

“ஜூன் மாசம் வேர்க்காம பனியா பேயும்?”

“சாப்பாட்டுத் தூக்க தொறக்கவே இல்லியே. அண்ணி இன்னா ஆக்கிக் குடுத்துக்கீறாங்கன்னாவது தெரியுமா?”

அவன் தூக்கைத் தள்ளிவைத்தான். வரிசையில் நின்று முதல் வேளை மாத்திரைக்குக் கை நீட்டிய ஆறு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் விழுங்கி, வாயைத் திறந்து காட்டும்வரை அவள் வழக்கம்போல் எதிரில் நின்றாள். பிறகு பதிவேட்டைத் திறந்து, கருணாகரன் பெயருக்கு நேரே ‘0’ என்று எழுதினாள். அதற்கு அடுத்த கட்டத்தில் ‘தொற்று இல்லை’ என்று எழுதியிருந்தால் அவள் வேலை முடிந்திருக்கும். திருவொற்றியூருக்குத் திரும்பிக் காலை நீட்டியிருக்கலாம். அண்ணனும் அவளை வாழ்த்திக்கொண்டே கடலுக்குப் போயிருப்பான். பன்னிரண்டு நாள் கழித்து அவன் எந்நிலையில் திரும்புவான் என்பதும், அந்த அறைக்குள் மற்றவர்கள் எதைச் சுவாசித்திருப்பார்கள் என்பதும் எந்தக் கட்டத்திலும் எழுத வேண்டியதில்லை. இரண்டு நாள் முன்பு எழுதிய ‘பிறகு’ என்ற சொல் அதே வரியில் அவளைப் பார்த்தபடி இருந்தது.

அவள் கட்டத்தை நிரப்பாமல் பேனாவை மூடினாள்.

“மொதலாளி, ஆறு பேரும் போலாம். டிரைவரு மட்டும் வரமாட்டாரு.”

லோகநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாம்மா, வெய்யில் மண்டையில ஏறிடுச்சா? வீங்குனவன் போலாம், வீங்காதவன் போவக் கூடாதா?”

“ஆமா.”

“தங்கச்சி அண்ணன வூட்லயே வெச்சிகினு கொஞ்சப் பாக்குது!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. பெருஞ்சிரிப்பு கிளம்பியது. அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். ஆறாண்டுகளில் அவள் கற்ற பாடங்களுள் இதுவும் ஒன்று: சிரிப்பவர்களோடு போட்டியிடத் தேவையில்லை, அவர்களும் ஒரு கட்டத்தில் களைத்துப்போவார்கள்.

“ஒரே ஒரு படம்,” என்றாள் அண்ணனிடம். “நாலு மணிக்கு மூடிடுவாங்க. படம் நல்லா கீதுன்னா நானே ஆட்டோல கூட்டினு வந்து உன்ன லாஞ்சுல ஏத்திவுடறேன். மாலையும் போடறேன்.”

“வரலன்னா?”

“வரலன்னா இங்கயே குந்திகினு கீறேன். எனுக்கும் கால் வலிக்கிது.”

சொன்னபடியே அவள் அவனருகில் படகின் தளத்தில் உட்கார்ந்துவிட்டாள். தளம் சுட்டது. கருணாகரன் இருமலை அடக்க முயன்று தோற்றான். இருமி முடித்த பின், பிறர் காதில் விழாதபடி, கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“பொங்கல்லேர்ந்தே வேர்க்குதும்மே. பாயே நனஞ்சிடுது. உன் அண்ணி மலராண்ட கூட சொல்லல.”

அவள் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்து, அவனுக்குக் கை கொடுத்தாள். எழுந்து நிற்க அவனுக்கு அந்தக் கை தேவைப்பட்டது. அதைக் கண்ட பிறகு துறையில் எவரும் சிரிக்கவில்லை.

சுகாதார நிலையத்தின் படமெடுக்கும் அறையில் அவனை ஒரு பலகையின் முன் நிற்கவைத்தனர். “மூச்ச இழுத்துப் புடிங்க,” என்றார் ஊழியர். அவனால் பிடிக்க முடியவில்லை. இருமினான். மறுபடி நிற்கவைத்தனர், மறுபடியும் இருமினான். ஒரே மூச்சில் நீருக்கடியில் மூழ்கி, சிக்கிய வலையை அறுத்து மீட்கக்கூடியவன் என்று ஒரு காலத்தில் குப்பமே பேசிய மனிதன் அவன். மூன்றாம் முறைதான் படம் விழுந்தது.

மருத்துவர் ஃப்ளோரன்ஸ் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரு பக்கமும் மேற்பகுதியில் பஞ்சு அப்பியதுபோல் வெண்மை படர்ந்திருந்தது. இடப்பக்கத்தில் ஒரு குழி. மதில் இடிந்துபோயிருந்தது என்பதைப் புரிந்துகொள்ளக் குணசுந்தரிக்கு எவர் விளக்கமும் வேண்டியிருக்கவில்லை.

“சளியையும் பார்த்துடலாம். சாயந்திரத்துக்குள்ள முடிவு வந்துடும். சர்க்கரையும் பாக்கணும்,” என்ற ஃப்ளோரன்ஸ், கருணாகரனை நோக்கினார். “ஆறு மாசம் மாத்திரை. குணமாகும், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா இன்னைக்குக் கடலுக்குப் போக முடியாது.”

அவன் தலையசைத்தான். பின் தயங்கிக் கேட்டான்: “டாக்டரம்மா, வேலப்பனுக்கு போன மாசந்தான் இருமல் வந்துச்சு. எனுக்குப் பொங்கல்லேர்ந்தே கீது. அப்போ… அவன் எனுக்குக் குடுத்தானா, நான் அவனுக்குக் குடுத்தனா?”

“யார்கிட்டேருந்து யாருக்குன்னு இப்ப சொல்ல முடியாதுங்க. சொல்லித்தான் என்ன ஆகப்போவுது?”

வெளியே விசிப்பலகையில் அண்ணனும் தங்கையும் முகக்கவசம் அணிந்து உட்கார்ந்தனர். நோயாளிகள் வந்தும் போயும் இருந்தனர். சீட்டு கொடுக்குமிடத்தில் எவரோ எவரையோ திட்டிக்கொண்டிருந்தார். கருணாகரன் கைப்பேசியை எடுத்து வல்லரசுவை அழைத்தான்.

“டேய், ஸ்டேரிங்க நீ புடி. கேளு. மொத நாளு எல்லாரும் கெழக்கால ஓடுவான், நீ அங்க போவாத. வடக்க போய் வல வுடு. என்ஜினு சூடானா பதறாத, கொஞ்ச நேரம் ஆத்திவுட்டு எடு.” எதிர்முனையில் வல்லரசு ஏதோ நீளமாகப் பேசினான். “ஆமாண்டா. கீதுதான். அழுவாத கய்தே, நான் இன்னா செத்தா பூட்டேன்?”

பேச்சு முடிந்ததென்று குணசுந்தரி எண்ணினாள். ஆனால் அவன் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தொண்டையைச் செருமினான், அது இருமலாக மாறிற்று, அடங்கக் காத்திருந்தான்.

“வல்லரசு. ரூமுக்குள்ள என் தட்டும் டம்ளரும் கீது, மேல் பலகையில. அத்த தண்ணில வீசிடாத. கழுவி வெய். பாத்திரத்துல வராதாம்.”

அவன் கைப்பேசியை அணைத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“வேலப்பன் எங்க கீறான் இப்போ?”

“சடையங்குப்பத்துல, அவங்க அக்கா வூட்ல.”

“மாத்திர போடறானா?”

“தெனமும்.”

“ஒரு நாளு கூட்டினு போ. அவனாண்ட நான் பேசணும். ஒரு தட்டு வேற வாங்கிக் குடுக்கணும்.”

“மொதல்ல நீ நில்லு. நின்னப்புறம் போலாம்.”

அவள் பதிவேட்டைத் திறந்து, ‘பிறகு’ என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன்மேல் அன்றைய தேதியை எழுதினாள். காலி விட்ட கட்டத்தை ஆய்வுக்கூடத்தின் முடிவுக்காக அப்படியே விட்டுவைத்தாள். நாளை காலை செல்ல வேண்டிய வீடுகள் இனிப் பன்னிரண்டு. எந்த வரிசையில் நடந்தால் அண்ணன் வீட்டிற்கு அவன் வெளியே கிளம்புவதற்குள் சென்றுசேரலாம் என்று கணக்கிடத் தொடங்கியவள், பாதியிலேயே விட்டுவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடினாள். அருகில் அவள் அண்ணன் தூக்கைத் திறந்து, இரண்டு வாய் சோறு தின்னும் ஓசை கேட்டது.